அம்பை விரும்பும் ஈக்கள்

'டைம் ஃப்ளைஸ் லைக் அன் ஆரோ.' ஆங்கிலத்தில் ஐந்தே சொல். காலம் அம்புபோலப் பறக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட இதில் சந்தேகம் வராது. ஆனால் 1960களின் தொடக்கத்தில், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கணிப்பாய்வுக் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு நிரலுக்குச் சந்தேகம் வந்தது.

அதை உருவாக்கியவர்கள் ஆன்டனி எட்டிங்கரும், ஜப்பானிலிருந்து வந்திருந்த சுசுமு குனோவும். ஆங்கில வாக்கியம் ஒன்றைக் கொடுத்தால் எது எழுவாய், எது பயனிலை, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு போய்ச் சேர்கிறது என்று பிரித்துக் காட்டுவதுதான் அந்த நிரலின் வேலை. இப்படிப்பட்ட நிரலுக்குப் பார்சர் என்று பெயர். 'இலக்கணப் பகுப்பான்' என்று தமிழில் சொல்லலாம்தான். ஆனால் இந்தத் துறையில் இருக்கும் தமிழர்கள் பார்சர் என்பதைத் தவிர வேறு சொல்லி நான் கேட்டதில்லை. நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

அந்த ஐந்து சொல் வாக்கியத்துக்கு நிரல் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைத் தந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். 'டைம்' பெயர்ச்சொல், ஓட்டப்பந்தயத்தில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நேரம் எடுக்கிறோமே, அந்த வினைக்கும் அதே சொல்தான். 'ஃப்ளைஸ்' என்றால் பறக்கிறது; ஈக்கள் என்றும் ஆகும். 'லைக்' என்றால் போல. விரும்பு என்றும் ஆகும். ஆகவே 'அம்புக்கு நேரம் எடுப்பதுபோல ஈக்களுக்கும் எடு' என்று ஓர் ஏவல் வாக்கியம் கிடைக்கிறது. 'அம்பைப் போன்ற ஈக்களுக்கு மட்டும் நேரம் எடு' என்று இன்னொன்று. 'கால ஈக்கள் என்றொரு இனம் உண்டு, அவற்றுக்கு ஓர் அம்பின்மேல் பிரியம்' என்று மற்றொன்று. பழ ஈ என்று ஒன்று இருக்கும்போது கால ஈ ஏன் இருக்கக் கூடாது? இலக்கணம் தடுக்கவில்லையே.

இந்தக் கதை இன்றும் பாடநூல்களில் வேடிக்கையாகத்தான் வருகிறது. பாவம் இயந்திரம், பொது அறிவு கிடையாது என்று சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். எனக்கென்னவோ அந்த நிரல் சொன்னதில் தவறு எதுவும் தெரியவில்லை. அந்த வாக்கியத்துக்குள் அத்தனையும் இருக்கிறது. நம் கண்ணுக்குப் படாததை அது பார்த்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்த அறுபது ஆண்டு பார்சர் வரலாற்றில் பெரும்பகுதி, பல விடைகளில் ஒன்றை மட்டும் எப்படி எடுத்துக்கொள்வது என்ற போராட்டம். அதில் என்ன கிடைத்தது, என்ன கைநழுவிப் போயிற்று என்பதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் மொழியியலை முறையாகப் படித்தவனில்லை. நிரல் எழுதிப் பிழைக்கிறவன். ஓய்வு நேரத்தில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதும் உண்டு. இந்த இரண்டு வேலையிலும் ஒரே ஆசாமிதான் வந்து வழியை மறிக்கிறான்: வெளியே ஒரு வாக்கியம், உள்ளே இரண்டு.

அவனை அறிமுகப்படுத்த ஆங்கிலப் பாடநூல்கள் விடாமல் பயன்படுத்தும் உதாரணம், 'ஐ சா த மேன் வித் எ டெலஸ்கோப்'. தொலைநோக்கி யார் கையில் இருக்கிறது? பார்த்த என்னிடமா, பார்க்கப்பட்ட ஆளிடமா? இதில் எந்தச் சொல்லுக்கும் இரண்டு பொருள் இல்லை. 'வித் எ டெலஸ்கோப்' என்ற தொடர் வினையோடு ஒட்டுகிறதா, பெயரோடு ஒட்டுகிறதா என்பதுதான் கேள்வி. இதைத்தான் இலக்கண மயக்கம் என்கிறோம். தமிழில் எழுதப் போனால் கை நின்றுவிடும். 'தொலைநோக்கியால் பார்த்தேன்' அல்லது 'தொலைநோக்கி வைத்திருந்த ஆளைப் பார்த்தேன்'. வேற்றுமை உருபும் பெயரெச்சமும் இருக்கிற மொழியில் இந்த இடத்தில் இரண்டுக்கும் பொதுவாக நழுவ வழியில்லை. அதற்காகத் தமிழில் மயக்கமே இல்லை என்று பெருமையடித்துக்கொள்ள வேண்டாம். 'நேற்று ஊரிலிருந்து வந்த ராமனின் தம்பி' என்று சொல்லிப் பாருங்கள். வந்தது ராமனா, தம்பியா? ஒவ்வொரு மொழியும் தன் மயக்கங்களை வேறு வேறு அறைகளில் ஒளித்து வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பில்தான் அந்த அறைகள் திறந்துகொள்ளும்.

பார்சர்கள் பிறந்ததற்கும் மொழிபெயர்ப்பு ஆசைதான் பெரிய காரணம். 1954 ஜனவரி 7 அன்று நியூயார்க்கில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குத் தானாக மொழிபெயர்க்கும் இயந்திரத்தைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டின. கையிருப்பு 250 சொற்கள், ஆறு இலக்கண விதிகள், அறுபதுக்குச் சற்று மேல் வாக்கியங்கள். வாக்கியங்கள் முன்கூட்டியே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. மயக்கம் தரும் எதையும் உள்ளே விடவில்லை. பனிப்போர்க் காலம், ரஷ்ய அறிவியல் இதழ்களைப் படித்தாக வேண்டிய கட்டாயம். அமெரிக்க அரசு பணத்தைக் கொட்டியது.

அப்போதே ஒருவர் எச்சரித்தார். வியன்னாவில் பிறந்து ஜெருசலேமில் தத்துவம் கற்பித்த யெகோஷுவா பார்-ஹில்லல். எம்ஐடியில் இயந்திர மொழிபெயர்ப்பை முழுநேர வேலையாக எடுத்துக்கொண்ட முதல் ஆய்வாளர் அவர்தான். அந்த ஆளே 1960இல், மனிதத் துணை இல்லாத உயர்தர மொழிபெயர்ப்பு நடக்கிற காரியமில்லை என்று எழுதினார். அவர் காட்டிய உதாரணம் 'த பாக்ஸ் வாஸ் இன் த பென்'. ஒரு சிறுவன் தன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான், கடைசியில் அது 'பென்'னுக்குள் இருக்கிறது. எழுதுகிற பேனாவுக்குள் பெட்டி எப்படிப் போகும்? இங்கே 'பென்' என்பது குழந்தைகளை விளையாட விடும் தடுப்புக் கூண்டு. பேனா எவ்வளவு பெரிது, பெட்டி எவ்வளவு பெரிது என்று தெரியாத இயந்திரத்துக்கு எந்த இலக்கண விதியும் உதவாது என்பது அவர் வாதம். இது சொல்லில் வருகிற மயக்கம்தான். ஆனால் தொலைநோக்கிக்கும் இதே வாதம் பொருந்தும்.

அதே காலத்தில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வேறொரு குழு பார்சர் எழுதிக்கொண்டிருந்தது. மொழியியலாளர் ஜெலிக் ஹாரிஸ் தலைமை. 1958, 1959 ஆண்டுகளில் யூனிவாக் கணினியில் ஓடிய அந்த நிரலை ஆங்கிலத்துக்கான முதல் பார்சர்களில் ஒன்று என்கிறார்கள். அந்தக் குழுவில் இருந்த இளைஞர்களில் ஒருவர் புனேயில் பிறந்த அரவிந்த் ஜோஷி. பின்னாளில் கணினி மொழியியலின் மூத்த பெயர்களில் ஒன்றாக ஆனவர். ஒரு சொல் பெயரா வினையா என்ற குழப்பத்தைத் தீர்க்க அந்த நிரலில் கையால் எழுதிய 14 விதிகள் இருந்தன. பக்கத்துச் சொற்களைப் பார்த்து, பொருந்தாத வகைகளைக் கழித்துக்கட்டுவார்கள். பதினான்கே விதிகள். அந்தக் காலத்தின் தன்னம்பிக்கையைப் பாருங்கள்.

இன்னொரு பாதையும் இருந்தது. அமெரிக்கத் தர நிர்ணயச் செயலகத்தில் பணியாற்றிய ஐடா ரோட்ஸ், ரஷ்ய வாக்கியங்களைப் பிரிக்க ஒரு முறை கண்டுபிடித்தார். அவர் உக்ரைனில் பிறந்து சிறு வயதில் அமெரிக்காவுக்கு வந்தவர், கணிதக்காரர். அவர் முறை நாம் படிக்கும் விதத்துக்கு நெருக்கமானது. இடமிருந்து வலமாகப் போ; ஒவ்வொரு சொல்லைக் கண்டதும் அடுத்து என்ன வரலாம் என்று எதிர்பார்ப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வை; எதிர்பார்த்தது வந்ததும் மேலே இருப்பதை எடுத்துவிடு. ஹோட்டலில் தட்டுகளை அடுக்குவது மாதிரி, கடைசியில் வைத்தது முதலில் வெளியே வரும். ஒவ்வொரு கட்டத்திலும் மிகவும் வாய்ப்புள்ள ஒரே பாதையில்தான் அந்த முறை போகும்.

ஹார்வர்டில் எட்டிங்கர் குழு இதை எடுத்துக்கொண்டது. ஒரே பாதையில் போனால், தொடக்கத்தில் தப்பாகத் திரும்பிவிட்ட வாக்கியம் கடைசியில் முட்டுச்சந்தில் நிற்கும். குனோவும் எட்டிங்கரும் செய்த மாற்றம் எளிமையானது, துணிச்சலானதும்கூட: எந்தப் பாதையையும் விடாதே, எல்லாவற்றிலும் போய்ப் பார், கடைசிவரை தாக்குப்பிடித்தவை எல்லாவற்றையும் விடையாகக் கொடு. காலம், அம்பு, ஈ எல்லாம் அப்படி வந்தவைதான்.

எட்டிங்கரின் கதையில் ஒரு திருப்பம் உண்டு. 1954இல் ஹார்வர்டில் இயந்திர மொழிபெயர்ப்புக்கான தானியங்கி அகராதியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதியவர் அவர். பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, அந்தத் துறைக்குக் கொட்டிய பணத்துக்கு என்ன பலன் என்று ஆராய அமெரிக்க அரசு ஏழு பேர் குழு ஒன்றை அமைத்தபோது அதிலும் ஓர் உறுப்பினராக உட்கார்ந்தார். 1966இல் வெளிவந்த அல்பாக் அறிக்கை அதுதான். இயந்திர மொழிபெயர்ப்பு மனித மொழிபெயர்ப்பைவிட மெதுவானது, துல்லியம் குறைந்தது, செலவும் கூடுதல் என்றது அறிக்கை. பணக்குழாய் மூடப்பட்டது. அம்பை விரும்பும் ஈக்களைத் தன் கண்ணால் பார்த்தவர் அந்த அறிக்கையில் கையெழுத்திட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

மயக்கம் எவ்வளவு பெரிய பூதம் என்பதை எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் மாலை நேரங்களில் உட்கார்ந்து ஆங்கிலத்துக்கு ஒரு குட்டிப் பார்சர் எழுதினேன். பத்துப் பன்னிரண்டு விதிகள், ஐம்பது அறுபது சொற்கள், அவ்வளவுதான். 'ஐ சா த மேன் வித் எ டெலஸ்கோப்' கொடுத்தேன்; இரண்டு மரம் வந்தது. வாக்கிய அமைப்பை வரைந்தால் கிளை பிரிந்து மரம்போல இருக்கும் என்பதால் அதை மரம் என்பது வழக்கம். நடுவில் 'இன் த பார்க்' சேர்த்தேன், ஐந்து. ஏன் ஐந்து? பூங்கா என்பது 'பார்த்தேன்' மேலோ 'ஆள்' மேலோ ஒட்டலாம். தொலைநோக்கி 'பார்த்தேன்', 'ஆள்', 'பூங்கா' மூன்றில் எதன்மேலும் ஒட்டலாம். இரண்டு தரம் மூன்று ஆறு. அதில் ஒன்றில் மட்டும் கிளைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், அதைத் தள்ளினால் ஐந்து. இன்னொரு தொடர் சேர்த்தேன், 14. பிறகு 42. பிறகு 132. வாக்கியம் இன்னும் ஒன்றரை வரிகூடத் தாண்டவில்லை.

இந்த எண் வரிசையை நான் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே, 1982இல், எம்ஐடியைச் சேர்ந்த கெனத் சர்ச், ரமேஷ் பாட்டீல் இருவரும் ஒரு கட்டுரையில் அடையாளம் காட்டியிருக்கிறார்கள். கணிதக்காரர்களுக்கு இவை காட்டலான் எண்கள். 19ஆம் நூற்றாண்டு பெல்ஜியக் கணிதவியலாளர் யூஜீன் காட்டலான் பெயரால் வருபவை. அவர்கள் சொன்ன யோசனை, மரங்களை ஒவ்வொன்றாக வரையாதே, எப்படிப் பெருகுகின்றன என்பதைச் சூத்திரமாக வைத்துக்கொள் என்பது. கட்டுரைத் தலைப்பிலேயே 'மேசைமேல் உள்ள பெட்டிக்குள் கட்டையை வைப்பது எப்படி' என்று ஒரு மயக்க வாக்கியத்தைச் செருகியிருந்தார்கள். ஆங்கிலத்தில் அது, 'பெட்டிக்குள் உள்ள கட்டையை மேசைமேல் வை' என்றும் படிக்கும்.

எண்ணிக்கை பெருகினால் கணினி திணறாதா? அதற்கு 1960களிலேயே வழி கிடைத்துவிட்டது. ஜான் காக், டேனியல் யங்கர், ததாவோ கசாமி மூவரும் தனித்தனியாக எட்டிய ஒரு முறை உண்டு. வாக்கியத்தின் ஒவ்வொரு துண்டையும் ஒரே ஒரு முறை பகுத்து ஓர் அட்டவணையில் போட்டுவைத்து, வேண்டிய மரங்களெல்லாம் அதிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தரம் அரைத்து வைத்த மசாலாவை மூன்று குழம்புக்கும் போடுகிற சமையல் கணக்கு. 132 மரங்களும் ஒரு சின்ன அட்டவணைக்குள் அடங்கிவிடும். வாக்கியம் இரண்டு மடங்கானால் வேலை எட்டு மடங்காகும், அவ்வளவே. ஆக, எல்லா மரங்களையும் கண்டுபிடிப்பது தீர்ந்துபோன பிரச்சினை. எந்த மரம் என்பதுதான் தீராமல் இருந்தது.

'உலகத்தைப் பார்த்துச் சொல்' என்பது ஒரு பதில். எம்ஐடியில் டெர்ரி வினோகிராட் எழுதி 1972இல் நூலாக வெளிவந்த ஷர்ட்லு நிரலுக்கு ஒரு குட்டி உலகம் இருந்தது: ஒரு மேசை, சில கட்டைகள், பிரமிடுகள், ஒரு பெட்டி. 'நீலப் பிரமிடைக் கட்டைமேல் பெட்டிக்குள் வை' என்பதுபோன்ற ஆங்கில வாக்கியம் வந்தால், கட்டைமேல் ஏற்கெனவே நீலப் பிரமிடு ஒன்று இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் இன்னொன்று. அழகான தீர்வு. ஆனால் மேசையைத் தாண்டினால் செல்லாது. நம் உலகத்தில் கட்டைகளை எண்ணி முடியாதே.

இன்னொரு பதில் பொறுமை. மிட்சல் மார்கஸ், அதே எம்ஐடி, 1970களின் இறுதி. மனிதர்கள் வாக்கியத்தைப் படிக்கும்போது 132 மரங்களை மனத்தில் வளர்ப்பதில்லை, திரும்பிப் போய்த் திருத்துவதும் அரிது. அப்படியானால் இயந்திரமும் ஒரே நேர்வழியில் போக முடியவேண்டும் என்று அவர் நம்பினார். அவர் உதாரணம்: 'ஹேவ் த பாய்ஸ் டேக் தி எக்ஸாம் டுடே', 'ஹேவ் த பாய்ஸ் டேக்கன் தி எக்ஸாம் டுடே'. முதலாவது, பையன்களை இன்று தேர்வு எழுத வை என்ற கட்டளை. இரண்டாவது, பையன்கள் இன்று தேர்வு எழுதிவிட்டார்களா என்ற கேள்வி. முதல் மூன்று சொல்லும் ஒன்றே. 'ஹேவ்' என்றதும் முடிவெடுக்காதே. மூன்று கூறுகள் வரும்வரை கையில் வைத்துக்கொண்டு காத்திரு, அப்புறம் சொல். இதுதான் மார்கஸின் பார்சிஃபல் நிரல். மனிதர்கள் தடுக்கி விழும் இடத்தில் அதுவும் விழும் என்பதை அவர் குறையாக நினைக்கவில்லை. தாமஸ் பீவர் 1970இல் காட்டிய 'த ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் த பார்ன் ஃபெல்' என்ற வாக்கியத்தை முதல்முறை படிப்பவர் கடைசிச் சொல்லில் முட்டிக்கொள்வார். களஞ்சியத்தைத் தாண்டி ஓட்டிச் செல்லப்பட்ட குதிரை விழுந்தது என்று பொருள். 'ரேஸ்ட்' என்பதை முற்று என்று நினைத்துவிடுகிறோம், அது எச்சம்.

1980களின் இறுதியில் காற்று மாறியது. விதி எழுதுவதை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினார்கள். டொனால்ட் ஹிண்டிலும் மாட்ஸ் ரூத்தும் அசோசியேட்டட் பிரஸ் செய்திகளில் 1 கோடியே 30 லட்சம் சொற்களை எடுத்துக்கொண்டார்கள். 'ஆப்கானிஸ்தானுக்குள்' என்பது 'அனுப்பினார்கள்' என்பதோடு சேருமா, 'வீரர்களை' என்பதோடு சேருமா? ஆங்கிலத்தில் 'சென்ட்' என்ற வினைக்குப் பின் 'இன்டு' எத்தனை தடவை வந்திருக்கிறது, 'சோல்ஜர்ஸ்' என்ற பெயருக்குப் பின் எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்துச் சொல். உலக அறிவு எதுவும் வேண்டாம். 1993இல் வெளியான அவர்கள் ஆய்வில் ஏறத்தாழ 80 விழுக்காடு சரியாக வந்தது. பார்-ஹில்லல் கேட்ட உலக அறிவில் ஒரு பங்கு, மக்கள் எழுதிப் போட்டதிலேயே படிந்து கிடந்திருக்கிறது.

எண்ணுவதற்குச் சரியான விடைகள் வேண்டுமே? அந்தக் கருவூலத்தைக் கட்டியவர் யார் தெரியுமா? அதே மிட்சல் மார்கஸ்தான். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துக்கு வந்து 1989இல் பென் ட்ரீபேங்க் திட்டத்தைத் தொடங்கினார். முதல் மூன்றாண்டில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களுக்கு இலக்கண வகை குறித்தார்கள். அவற்றில் பெரும் பங்குக்கு மரங்களும் வரைந்தார்கள். பின்னாளில் உலகமே பயன்படுத்தியது அதிலிருந்த சுமார் 10 லட்சம் சொற்கள், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழின் செய்திகள்.

மரம் வரைந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஹிண்டில் எழுதிய ஃபிடிச் என்ற பார்சர் முதலில் ஓடும். மார்கஸ் வழியில் வந்த நிரல் அது. ஒரு தொடர் எங்கே ஒட்டவேண்டும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அது ஒட்டாது. துண்டை அப்படியே தனியாக வைத்துவிடும். பிறகு மனிதர்கள் உட்கார்ந்து, செய்தி முழுவதையும் படித்து, துண்டுகளை ஒட்டுவார்கள். இயந்திரம் தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைத்தது, மனிதர் முடிவு செய்தார்.

சரி, மனிதருக்கும் தெரியாவிட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். காட்டலான் எண்களைக் காட்டிய கெனத் சர்ச் அதற்கு முன்பே முன்வைத்த யோசனையைத் தழுவி, முன்னும் பின்னும் படித்த பிறகும் இரண்டு பொருளும் நிற்கிறது என்றால் அதற்கென்று ஒரு குறி. 'நிரந்தரமான, எதிர்பார்க்கக்கூடிய மயக்கம்' என்பது அதன் பெயர், சுருக்கமாகப் பிபிஏ. தொடரை ஓரிடத்தில் ஒட்டிவிட்டு, ஒட்டியிருக்கக்கூடிய மற்ற இடத்தில் அந்தக் குறியை நிழல்போல விட்டுச் செல்வார்கள். 'இது இரண்டு' என்று சொல்லும் உரிமை அந்தக் குறிக்குள் இருந்தது.

பிறகு நடந்தது சின்ன விஷயம். 1990களின் நடுவிலிருந்து இந்த மரங்களைக் கொண்டு பார்சர்களைப் பயிற்றுவித்தார்கள். ஏறத்தாழ 40,000 வாக்கியங்களில் பயிற்சி, 2,416 வாக்கியங்களில் தேர்வு. மைக்கேல் காலின்ஸ், யூஜின் சார்னியாக் ஆகியோரின் பார்சர்கள் 2000 வாக்கில் 90 விழுக்காட்டை ஒட்டி மதிப்பெண் வாங்கின. பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. பயிற்சிக்கு முன் மரங்களைச் சுத்தம் செய்வது வழக்கமாயிற்று. சொல் எதுவும் இல்லாத வெற்றுக் குறிகளை எல்லாம் நீக்கிவிடுவார்கள். கணக்குக்கு அவை தொந்தரவு. பிபிஏ குறியும் அந்தக் குப்பையோடு வெளியே போயிற்று. எஞ்சியது, வாக்கியத்துக்கு ஒரு மரம், அதுவே சரியான விடை.

யாரும் சதி செய்யவில்லை. மதிப்பெண் போட ஒரு விடை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அப்படியும் ஒரு கேள்வி நிற்கிறது. ஐபிஎம்மில் அத்வைத் ரத்னபார்க்கியும் சகாக்களும் 1994இல் தொலைநோக்கி வகை மயக்கத்தை மனிதர்களுக்கே தேர்வாக வைத்தார்கள். வினை, பெயர், முன்னிடைச்சொல், அதன் பெயர் என நான்கு சொல் மட்டும் கொடுத்தபோது ட்ரீபேங்க் விடையோடு 88 விழுக்காடு ஒத்துப்போனார்கள். முழு வாக்கியத்தையும் கொடுத்தபோது 93 விழுக்காடு. மீதி 7? அதில் கவனப் பிசகு எவ்வளவு, உண்மையிலேயே இரண்டாக நிற்கிற வாக்கியங்கள் எவ்வளவு? ஒரே மரம் வைத்திருக்கும் விடைத்தாளால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. புள்ளிவிவரப் பார்சரிடம் முதல் ஐம்பது மரங்களை வரிசையாகக் கேட்டு வாங்கலாம், தரும். ஆனால் நூற்றுக்கு அறுபது, நாற்பது என்று வந்தால் அது வாக்கியத்தின் மயக்கமா, பார்சரின் அனுபவக் குறைவா என்று சொல்லாது. இன்றைய பெரிய மொழி மாதிரிகள் மரமே வரைவதில்லை. கேட்ட மாத்திரத்தில் சரளமான ஒரு பொருளைச் சொல்லிவிடுகின்றன. நாமும் மறுபொருள் இருந்ததா என்று கேட்காமல் எடுத்துக்கொள்கிறோம்.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்று ஒரு பால் நிறுவனம். வாரம் நாற்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு கூலி தரவேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். கெட்டுப்போகும் உணவுப் பொருட்களைக் கையாளும் சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. டப்பாவில் அடைத்தல், பதப்படுத்தல், உறைய வைத்தல், சேமித்தல் என்று நீளும் அந்தப் பட்டியல், ஆங்கிலத்தில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன் ஆஃப்' என்று முடிகிறது. 'ஷிப்மென்ட்' என்பதற்குப் பின் காற்புள்ளி இல்லை. நிறுவனம் சொன்னது: பொதி கட்டுதல் ஒரு வேலை, விநியோகம் இன்னொரு வேலை, லாரி ஓட்டுநர்கள் விநியோகம் செய்கிறவர்கள், ஆகவே கூடுதல் கூலி இல்லை. ஓட்டுநர்கள் சொன்னார்கள்: இல்லை, அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ பொதி கட்டுதல் என்ற ஒரே வேலைதான் அங்கே இருக்கிறது; நாங்கள் பொதி கட்டுவதில்லை. தொலைநோக்கி யார் கையில் என்ற அதே கேள்வி, இந்த முறை சம்பளக் கவரில்.

கீழ் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. 2017 மார்ச்சில் பாஸ்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. நீதிபதி டேவிட் பாரன் எழுதிய தீர்ப்பு இரு தரப்பு வாதங்களையும் பொறுமையாக எடுத்துப் பார்க்கிறது. 'ஆர்' என்ற சொல் பட்டியலின் கடைசி உருப்படிக்கு முன்னால்தானே வரவேண்டும் என்பது நிறுவனத்தின் வலுவான வாதம். பட்டியலில் மற்ற வேலைகள் எல்லாம் 'இங்' என்று முடிய, 'டிஸ்ட்ரிபியூஷன்' மட்டும் 'ஷிப்மென்ட்' போலப் பெயராக நிற்பதேன் என்பது ஓட்டுநர்களின் வலுவான வாதம். எடை போட்டு எது அதிக வாய்ப்பு என்று நீதிமன்றம் முடிவு கட்டவில்லை. வாக்கியம் தெளிவாக இல்லை என்று முதலில் ஒப்புக்கொண்டது. பிறகு மெயின் மாநிலத்தில் இதற்கென்று இருக்கும் கொள்கைக்குப் போயிற்று: கூலிச் சட்டத்தில் மயக்கம் வந்தால், அந்தச் சட்டம் யாரைக் காக்க எழுதப்பட்டதோ அவர்களுக்குச் சாதகமாகப் பொருள் கொள்ள வேண்டும். 2018இல் நிறுவனம் 50 லட்சம் டாலர் தந்து வழக்கை முடித்துக்கொள்ள இசைந்தது.

மயக்கத்தைத் தீர்ப்பதும் மயக்கம் இருக்கிறது என்று அறிவதும் தனித்தனி வேலைகள் என்பதை இந்த வழக்கு எனக்குத் தெளிவாக்கியது. முதல் வேலையை நம் பார்சர்கள் பிரமாதமாகக் கற்றுக்கொண்டன. இரண்டாவது வேலையைச் செய்தால்தான், யார் முடிவெடுப்பது, எந்த நியாயத்தின்படி எடுப்பது என்ற கேள்விக்கே இடம் கிடைக்கிறது. ஒரு மரத்தை மட்டும் காட்டுகிற பார்சரிடம் அந்தச் சட்டத்தைக் கொடுத்திருந்தால், ஏதோ ஒரு விடை வந்திருக்கும். அது ஓட்டுநர்களுக்குச் சாதகமாகவே இருந்திருந்தாலும், ஏன் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மெயின் சட்டமன்றம் 2017இலேயே அந்தப் பட்டியலைத் திருத்தி எழுதிவிட்டது. ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் அரைப்புள்ளி, 'டிஸ்ட்ரிபியூஷன்' இப்போது 'டிஸ்ட்ரிபியூட்டிங்'. இனி அந்த வரிக்கு ஒரே மரம்தான். அது நிறுவனங்கள் விரும்பிய மரம். திருத்தத்துக்கு முந்தைய ஆண்டுகளின் கூலி மட்டும் ஓட்டுநர்களுக்கு வந்து சேர்ந்தது. யாரோ ஒருவர் அந்தப் பழைய வரியை இரண்டு விதமாகப் படித்துப் பார்த்திருந்ததால்.